கோபுரத்தைப் பார்த்து நின்ற அத்தான்

நானும் அக்காவும் இப்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் குடியிருக்கும் வீட்டின் பின்கட்டில் ஒரு பலகை கிடக்கிறது. இரண்டு பக்கமும் செங்கல் கொடுத்து உயர்த்தி, அதன்மேல் குடிதண்ணீர்க் குடங்களை வைத்திருக்கிறோம். ஆள் நீளத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு முனை மட்டும் மேல்நோக்கி வளைந்திருக்கும், அந்த ஓரத்தில் குடம் நிற்காது. குழாய் ரிப்பேருக்கு வந்த ஆள் ஒருநாள் அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இது என்ன மரம்மா, இம்புட்டு லேசா இருக்கு?" என்று கேட்டார். பழைய பலகை என்று மட்டும் சொன்னேன். கடல் அலைமேல் ஏறி நின்று வருவதற்காகச் செதுக்கிய பலகை என்று சொன்னால் அவர் வேலையை விட்டுவிட்டுக் கதை கேட்க உட்கார்ந்துவிடுவார். எனக்குச் சொல்லும் தெம்பு இல்லை. அத்தான் தவறிப்போன நாளிலிருந்தே எனக்கு எதிலும் அப்படித்தான். அழவும் இல்லை, ஆறவும் இல்லை. தண்ணீர் வந்தால் பிடிக்கிறேன், குடத்தை அந்தப் பலகைமேல் வைக்கிறேன்.

அத்தான் என்பது என் அக்காவின் கணவர். திருச்செந்தூருக்குத் தெற்கே கடலோர ஊர் ஒன்றில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவர். ஐ.டி.ஐ. படித்துவிட்டு ராஜபாளையத்தில் ஒரு பஞ்சு மில்லில் ஃபிட்டராகச் சேர்ந்தார். நான் அதே மில்லின் ஆபீசில் டைப்பிஸ்ட். எங்கள் சொந்த ஊர் செட்டியார்பட்டி. கிறிஸ்தவக் குடும்பம்தான், ஆனால் வேறு சபை. அவர்கள் மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றுபவர்கள், நாங்கள் ஏற்றாதவர்கள். அந்த ஒரு மெழுகுவர்த்திக்காக இரண்டு வீட்டிலும் ஒரு வருஷம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார்கள். பிறகு எங்கள் வீட்டில் இறங்கி வந்தார்கள். அவர் வீட்டில் அவருடைய அப்பா மட்டும் இறங்கவில்லை. எண்பதுகளின் தொடக்கத்தில் கல்யாணம் நடந்தபோது மாப்பிள்ளை பக்கத்திலிருந்து வந்தது அவருடைய சித்தி ஒருவர்தான். ஒரு பெட்டி, ஒரு குடை, இந்தப் பலகை. இவ்வளவுதான் மாப்பிள்ளையின் சொத்தாக எங்கள் வீட்டுக்குள் நுழைந்தது.

சித்திதான் அக்காவின் மாமனார் சொல்லி அனுப்பியதையும் கொண்டுவந்தார். பந்தி முடிந்து வெற்றிலை போட்டுக்கொண்டே, ஏதோ பலகாரக் கணக்கு சொல்வதுபோலச் சொன்னார். "கடலை விட்டுட்டு பஸ் ஏறிப் போனவன் பஸ் ஏறித் திரும்பி வந்தா அவனுக்கு வாசல் கிடையாதாம். அலையில நின்னு வந்து கடல் வாசல் வழியா ஏறச் சொல்லுதாவ. அப்படி வந்தாம்னா பொண்டாட்டியையும் கூட்டிட்டு வரட்டும்னாவ."

அந்த வீட்டுக்குக் கடலைப் பார்த்து ஒரு வாசலும் தெருவைப் பார்த்து ஒரு வாசலும் உண்டு. அந்த ஊர்ப் பிள்ளைகள் நடக்கத் தெரிந்த மறுவருஷமே கட்டுமரத்தின் உடைந்த தடி ஏதாவது ஒன்றோடு அலையில் விழுந்து புரளுவார்களாம். பத்து வயதில் எழுந்து நிற்பார்கள். அத்தான் அதில் கெட்டிக்காரர் என்று சித்தி சொன்னார். நின்றபடியே கரை ஏறி, ஈரக் காலோடு கடல் வாசல் வழியாகச் சோறு கேட்டுக்கொண்டு உள்ளே வருவாராம். மாமனார் கேட்டது அந்தப் பையனைத்தான்.

"கோவத்துல ஏதோ சொல்லிட்டாவ. விடுங்க," என்றாள் அக்கா.

அத்தானுக்கோ அதில் சந்தோஷம். "ஒரேயடியா வராதன்னு சொல்லலையே. ஒரு வழியை மிச்சம் வச்சிருக்காவ," என்றார். அவமானத்தை அழைப்பாக எடுத்துக்கொள்ளும் மனிதரை என்ன செய்ய முடியும்? அக்கா என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

முதல் வருஷம் ஊர்த் திருவிழாவுக்குத் தனியாகப் போனார். மறுநாளே திரும்பிவிட்டார். முழங்கை முழுக்கத் தோல் உரிந்திருந்தது. மில்லின் சிமெண்டுத் தரையில் ஷிப்ட் ஷிப்டாக நின்று கால் கட்டையாகிவிட்டது, பலகைமேல் எழுந்து நிற்பதற்குள் அலை கடந்துவிடுகிறது என்றார். அப்பா பார்த்தாரா என்று அக்கா கேட்டாள். வாசலில்தான் உட்கார்ந்திருந்தார், வலை தைத்துக்கொண்டிருந்தார் என்று பதில் வந்தது.

ராஜபாளையத்தில் கடலுக்கு எங்கே போக? மேற்கே மலை, மற்ற பக்கமெல்லாம் மில்லும் வயலும். வருஷத்தில் அவருக்குக் கிடைத்த லீவு திருவிழாவுக்கே சரியாகப் போய்விடும். இந்த நிலையில் மில்லில் யாரோ ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு யோகா சாரைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள். தபால் ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர், ஒற்றைக் காலில் ஒரு மணி நேரம் நிற்பாராம், கூன் விழுந்தவர்களைக்கூட நிமிர்த்தியிருக்கிறாராம். அத்தான் மறுநாளே விடிகாலை முதல் பஸ் பிடித்துவிட்டார். அதன்பின் செகண்ட் ஷிப்ட் வரும் வாரமெல்லாம் காலையில் அவரை வீட்டில் பார்க்க முடியாது.

ஒருமுறை நானும் உடன் போயிருக்கிறேன். சாருடைய வீட்டு மொட்டை மாடியில்தான் வகுப்பு. எதிரே ஆண்டாள் கோயில் கோபுரம் முழுசாக நின்றது. முதுகு வலிக்காரர்கள், சர்க்கரைக்காரர்கள், ஒரு வக்கீல், இவர்களுக்கு நடுவே கடல் அலைக்காகப் பயிற்சி எடுக்கும் என் அத்தான். எல்லோரும் ஒற்றைக் காலில், கைகளைத் தலைக்குமேல் கூப்பி, கோபுரத்தின் உச்சியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "அசையாத ஒரு பொருள்ல பார்வையைக் கட்டுங்க, உடம்பு தானா கட்டுப்படும்," என்பது சாரின் பாடம். அத்தான் அவரிடம், "கடல்ல எதைப் பார்க்க சார்?" என்று கேட்டார். சார் யோசித்தார். அவர் கடலைப் பார்த்தது ராமேஸ்வரத்தில் ஒரே ஒருமுறை, அதுவும் அலையே இல்லாத இடத்தில். "அங்கயும் அசையாதது ஏதாவது இருக்குமே," என்றார். "மாதா கோயில் கோபுரம் இருக்கு சார்," என்றார் அத்தான். இருவருக்கும் திருப்தி.

எங்கள் அம்மாவுக்கு இது தெரிந்தபோது பெரிய ரகளை ஆனது. மெழுகுவர்த்தியே ஆகாத வீட்டில் மருமகன் தினமும் ஆண்டாள் கோபுரத்தை நோக்கிக் கும்பிட்டுக்கொண்டு நிற்கிறார் என்றால்? "கும்பிடல அத்தை, கையைத்தான் சேர்த்து வச்சிருக்கேன்," என்று அவர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அம்மா அவருக்காகத் தனியாக ஜெபம் வைத்தாள். அந்த ஜெபத்திலும் அவர் கண் மூடாமல் சுவரில் ஒரு புள்ளியைப் பார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார்.

ஸ்ரீவில்லிபுத்தூர் பாடம் போதாதென்று மற்ற வாரங்களில் சாயங்காலம், நாங்கள் மூவரும் குடியிருந்த ராஜபாளையம் வீட்டில் சொந்தப் பாடம். மில்லில் கழித்துப்போட்ட, நூல் சுற்றும் மர பாபின்களை வாங்கிவந்து முற்றத்தில் போட்டு, அவற்றின்மேல் பலகையை வைத்து ஏறி நிற்பார். பாபின் உருளும், பலகை ஓடும், இவர் குழாயடியில் போய் விழுவார். எங்களோடு அதே வளவில் குடியிருந்த தெலுங்கு பேசும் அம்மாள் ஒருவர் அவருக்குக் கொங்க என்று பெயர் வைத்துவிட்டார். அவர்கள் பாஷையில் கொக்கு. "ஏமம்மா, கொங்க இன்னும் மீன் பிடிக்கலையா?" என்று அக்காவைக் கேட்பார். அக்காவும் சிரிப்பாள். இரண்டொரு வருஷத்தில் விழுவது நின்றுவிட்டது. பாபின் கீழே நெளியும்போதும் அவர் மேலே ஒற்றைக் காலில் ஆணி அடித்ததுபோல நிற்பார். நானே டம்ளர் நிறையக் காப்பியை அந்தக் கூப்பிய கைகளுக்குள் வைத்துவிட்டு ஓடியிருக்கிறேன். ஒரு சொட்டு சிந்தாது.

அந்த வருஷம் திருவிழாவுக்கு மூன்று பேருமே போனோம். பலகை பஸ்ஸின் கூரையில் வந்தது. அக்கா கல்யாணப் பட்டைக் கட்டியிருந்தாள். மாமனார் வீட்டுக்குள் காலெடுத்து வைக்கப்போகிறோம் என்ற நிச்சயத்தில் தலைநிறையப் பூ. சித்தி வீட்டில் சாமான்களை வைத்துவிட்டுக் கரைக்குப் போனோம். நான் முதன்முதலாக அந்தப் பெரியவரைப் பார்த்தேன். கடல் வாசலின் படியில், வெறும் உடம்பில், மடியில் வலையோடு உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்து முகம் திரும்பவில்லை. ஆனால் வலை தைக்கும் கை நின்றிருந்தது, அதை நான் கவனித்தேன்.

அத்தான் நீந்திப் போய் அலை எழும் இடத்தில் காத்திருந்தார். ஒரு அலை திரண்டு வந்தது. பலகை முன்னால் பாய்ந்ததும் எழுந்து நின்றுவிட்டார். அக்கா என் கையை நகம் பதியப் பிடித்தாள். மாதா கோயில் கோபுரத்தின்மேல் பார்வையைக் கட்டி, முதுகு நேராக, மொட்டை மாடியில் பார்த்த அதே நிற்பு. அவ்வளவு அழகாக நின்றார். அலை கொஞ்சம் சாய்ந்தது. அவர் சாயவில்லை. கம்பம் விழுவதுபோல அப்படியே பக்கவாட்டில் விழுந்தார். மறுபடி போனார். மறுபடியும் நேராக நின்றார், நேராகவே விழுந்தார். வெயில் இறங்கும்வரை இது நடந்தது. சின்னப் பையன்கள் அவருக்கு இரண்டு பக்கமும் இடுப்பை ஆட்டிக்கொண்டு, முழங்காலை மடக்கிக்கொண்டு, கோணல்மாணலாகக் கரை வந்து சேர்ந்தார்கள்.

பெரியவர் எழுந்தார். வலையைத் தோளில் போட்டுக்கொண்டு, யாருக்கும் என்று இல்லாமல், "நல்லாத்தான் நிக்கான். அப்படி நிக்கதுக்குத் தரை போதுமே," என்றார். உள்ளே போனார். கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அக்கா பூவை எடுத்து மணலில் போட்டுவிட்டுச் சித்தி வீட்டுக்கு நடந்தாள். எனக்கு அந்தக் கிழவர்மேல் வந்த கோபம் இன்றைக்கும் முழுசாக இறங்கவில்லை.

திரும்பும் பஸ்ஸில் பாதி வழி தாண்டியபின் அத்தான் என்னிடம் சொன்னார்: "கோவுரத்தப் பாத்துப் பாத்து நானும் கோவுரமாயிட்டேன்ட்டி. கடலுக்கு அது ஆகாது போல."

தப்பு புரிந்துவிட்டது. ஆனால் கற்றதை உடம்பிலிருந்து எப்படி இறக்குவது என்று அவருக்குத் தெரியவில்லை. அடுத்தடுத்த வருஷங்களிலும் திருவிழாவுக்குப் போனார், விழுந்தார். நாங்கள் கூடப் போவதை நிறுத்திவிட்டோம். மொட்டை மாடி வகுப்பை மட்டும் அவர் விடவில்லை. அது இல்லாவிட்டால் தூக்கம் வருவதில்லை என்றார். நாளாக ஆக அந்த அசையாமை அவருடைய மற்ற காரியங்களுக்கும் பரவியது. மில்லில் ஸ்ட்ரைக் நடந்தபோது இரண்டு பக்கமும் கத்தின கத்தலில் இவர் குரல் மட்டும் கேட்கவில்லை. அக்காவுக்குக் கரு தங்காமல் மூன்றாவது முறையும் ஆஸ்பத்திரியிலிருந்து வெறுங்கையோடு வந்தபோது, அம்மா வாசலில் உட்கார்ந்து அழுதாள், நானும் அழுதேன். அவர் அக்காவுக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தார், பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்தார், முற்றத்தில் போய்ப் பலகைமேல் நின்றார்.

"அவிய வீட்ல இருக்காவளா, இல்லையான்னே எனக்குத் தெரிய மாட்டேங்கு," என்று அக்கா ஒருநாள் என்னிடம் சொன்னாள். சண்டை போடக்கூட ஆள் இல்லை என்பது அவளுடைய குறை.

தொண்ணூறுகளில் ஒரு பகல் நேரம் மில் ஆபீசுக்குப் போன் வந்தது. எடுத்தவள் நான். பேசியவர் சித்தி. பெரியவர் காலையில் கரையில் உட்கார்ந்தபடியே போய்விட்டாராம். நான் மிஷின் ஓடும் பகுதிக்குப் போனேன். அத்தான் ஏணிமேல் நின்று எதையோ முறுக்கிக்கொண்டிருந்தார். அந்த இரைச்சலில் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது. சாவுச் செய்தியை அப்படிக் கத்திச் சொன்னதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. அவர் ஏணியிலிருந்து இறங்கினார். கழிவுப் பஞ்சில் ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். "லீவு எழுதணும்," என்றார்.

வீட்டுக்கு வந்து வேட்டி மாற்றிக்கொண்டு பலகையையும் எடுத்தார். "சாவு வீட்டுக்கு இது எதுக்கு அத்தான்?" என்றேன். அக்காதான், "எடுத்துட்டு வரட்டும், விடுட்டி," என்றாள்.

பஸ்ஸில் போய், தெரு வாசல் வழியாகத்தான் நுழைந்தோம். தடுக்க ஆள் இல்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்துக்குப் பிறகு அக்கா அந்த வீட்டுக்குள் வைத்த முதல் காலடி அது. மாமியார் அவளைக் கட்டிக்கொண்டு அழுதார். அத்தான் சவப்பெட்டியின் தலைமாட்டில் போய் நின்றார். முதுகு நேராக, பார்வை எதிர்ச்சுவரில் ஒரே இடத்தில். பூசை முடிந்து பங்குச் சாமியார் தீர்த்தம் தெளிக்கும்வரை அப்படியே நின்றார். முகத்தில் ஒன்றும் இல்லை. "பெத்த அப்பனுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் கிடையாதா? கல்லு," என்று பின்னால் ஒரு கிழவி சொன்னது எனக்கே கேட்டது, அவருக்குக் கேட்காமல் இருக்காது.

பெட்டியைக் கடல் வாசல் வழியாக வெளியே எடுத்தார்கள். எடுத்ததும் அந்தக் கதவைச் சாத்தித் தாழ் போட்டார்கள். மறுநாள் பூசை முடியும்வரை அதைத் திறக்கக் கூடாது, எல்லோரும் தெரு வாசலில்தான் புழங்க வேண்டும் என்பது அந்த வீட்டு வழக்கம். கல்லறைக்குப் போய்விட்டு வந்த ஆண்கள் கடலில் குளித்துவிட்டு ஒவ்வொருவராகத் தெருப் பக்கம் சுற்றி வந்தார்கள். அத்தானை மட்டும் காணவில்லை. அக்கா என்னிடம் ஒரு துண்டைக் கொடுத்து, "போய்க் குடுத்துட்டு வாட்டி," என்றாள்.

கரையில் யாரும் இல்லை. அவர் மட்டும் பலகையோடு கடலுக்குள்ளே கிடந்தார். நான் துண்டோடு நின்றேன். எந்த அலை என்று அவர் பார்த்ததாகவே தெரியவில்லை. ஏதோ ஒன்று வந்து அவரைத் தூக்கியது. எழுந்தார். நிற்கிறார் என்றே சொல்ல முடியாது. தோள் தொங்கிக் கிடந்தது, முழங்கால் மடிந்திருந்தது, தலை கவிழ்ந்திருந்தது. கோபுரத்தைப் பார்க்கவில்லை, எதையும் பார்க்கவில்லை. அலை இடது பக்கம் சாய்ந்தால் அவரும் சாய்ந்தார், குதித்தால் குதித்தார். பொட்டலம் ஒன்றை ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் வாங்குவதுபோலக் கடல் அவரைக் கொண்டுவந்து மணலில் இறக்கியது. காலடியில் நுரை வற்றும்வரை அப்படியே நின்றார். எனக்குக் கைதட்டத் தோன்றவில்லை, அழத் தோன்றவில்லை. துண்டை நீட்டினேன்.

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அக்காகிட்டச் சொல்லாத. அப்பன் செத்த அன்னைக்கு விளையாடுனாம்னு பேராயிரும்," என்றார். வீட்டைப் பார்த்து நடந்தார். நான் பலகையை அலை அடிக்காத இடத்துக்கு இழுத்துப் போட்டேன். ஈரத்தில் அது கனத்தது. இழுத்து முடித்து, தெருவைச் சுற்றி நான் வீட்டுக்குள் நுழைந்தபோது உள்ளே ஒரே கூச்சல். கடல் வாசல் திறந்து கிடந்தது. பெண்கள் எல்லோரும் அக்காவைச் சூழ்ந்துகொண்டிருந்தார்கள். "போன உசுரு திரும்பி வாரதுக்கா கதவைத் திறந்து வச்ச? ராஜபாளையத்துக்காரிக்குக் கடல் வீட்டு முறை என்ன தெரியும்?"

அக்கா தலையைக் குனிந்துகொண்டு, "தெரியாம, காத்துக்குத் திறந்துட்டேன்," என்றாள். எனக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. முதன்முதலாக நுழைந்த வீட்டில் முதல் நாளே இப்படி ஒரு பேர் வாங்க வேண்டுமா? அத்தான் உள்ளறையில் வேட்டி மாற்றிக்கொண்டிருந்தார், ஒரு வார்த்தை பரிந்து பேசவில்லை.

அதற்குப் பிறகு அவர் அலைக்குப் போகவில்லை. பாபின்கள் அடுப்புக்குப் போயின. மொட்டை மாடி வகுப்புக்கு மட்டும், சார் இருந்தவரை, போய்க்கொண்டிருந்தார். மில்லை மூடியபின் மூவரும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கே குடிவந்தோம். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அதற்குக் கதை ஒன்றும் கிடையாது. அத்தான் சொன்ன வார்த்தையை மட்டும் காப்பாற்றினேன். அவர் போய்ச் சேரும்வரை அக்காவிடம் மூச்சு விடவில்லை.

போன மாதம் தண்ணீர் விடும் நாளில் அக்கா பின்கட்டில் குடத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பலகை காலியாகக் கிடந்தது. அவள் அதன் வளைந்த முனையைக் கையால் தடவுவதைப் பார்த்ததும், இனி யாருக்காக இதை மூடி வைக்க வேண்டும் என்று தோன்றியது. சொல்லிவிட்டேன். அன்றைக்கு அவர் நின்று வந்தார் அக்கா, கரைவரைக்கும் வந்தார், நான் பார்த்தேன் என்றேன்.

அக்கா தேய்ப்பதை நிறுத்தவில்லை. "தெரியும்ட்டி," என்றாள்.

"எப்படித் தெரியும்?"

"கடல் வாசல்ல வந்து கதவைத் தட்டினாவல்லா. நான்தான் உள்ள நின்னேன். 'அலையில வந்திருக்கேன், திற'ன்னாவ. திறந்தேன். ஈரக் காலோட உள்ள வந்தாவ. உன் தங்கச்சிகிட்டச் சொல்லிராதன்னாவ."

காற்றுக்குத் திறந்தேன் என்று அன்றைக்கு அவள் தலை குனிந்து நின்றது எனக்கு நினைவுக்கு வந்தது. "அந்த வீட்டு வழக்கம் உனக்குத் தெரியாதேக்கா. உன்னை எப்படித் திட்டினாங்க," என்றேன்.

"மாமி அப்பமே சொல்லித்தான் இருந்தாவ, திறக்கக் கூடாதுன்னு," என்றாள் அக்கா. "தெரிஞ்சேதான் திறந்தேன்."

குழாயில் தண்ணீர் வந்தது. அவள் முதல் குடத்தைப் பிடித்தாள். நான் வாங்கிப் பலகைமேல் வைத்தேன்.